நாலு ஓட்டை கூடுதல்

என் காருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் வரும். ஏசி போட்டால் மலை ஏறாது. மலை ஏற வேண்டுமென்றால் ஏசியை நிறுத்த வேண்டும். மனிதர்கள் போகிற காராக இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, நாலு திட்டுத் திட்டிக்கொண்டே போய்ச் சேரலாம். என் காரில் போவது கேக். வெண்ணெய்க் கிரீம் பூசிய கேக்குக்கு வெயிலோடு சமரசம் கிடையாது. இருபது நிமிஷத்தில் ரோஜாப்பூ எல்லாம் முட்டைக்கோஸ் ஆகிவிடும்.

ஊருக்கு மேலே, மலை உச்சியில், ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதன் மேலாளர் ஓர் அம்மாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் யாரிடமும் பேசுவார். மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குள், மூன்று அடுக்கு கேக் ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அடுக்கியபடியே வர வேண்டுமாம். தன் சமையலறையில் வைத்து ஒட்டுப்போடுகிற வேலையெல்லாம் கூடாதாம். முன்பு கேக் கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் அங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பூசி மெழுகியிருக்கிறார் போல. கேக் முழுசாக வந்து சேர்ந்தால், அந்த ஹோட்டலில் நடக்கும் விசேஷங்களுக்கெல்லாம் ஒரு வருஷத்துக்கு நான்தான் கேக் கொடுப்பேன்.

அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் ஒரு பன் தொழிற்சாலையில் தலையில் வலை கட்டிக்கொண்டு நின்றவள் நான். ஒரே மாதிரி பன், ஒரே மாதிரி நாள். அதை விட்டுவிட்டு வீட்டில் ஓவன் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பிறந்தநாள் கேக்குகளை மட்டும் நம்பி இனிமேல் காலம் தள்ள முடியாது. மலை ஆர்டர் கிடைத்தால் நான் கேக்குக்காரி. கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்பவும் தலையில் வலை.

புது வண்டி வாங்க வழியில்லை. அதனால் தம்பியைப் பிடித்தேன்.

என் தம்பி தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். முப்பத்தெட்டு வயது. அவன் கை வைத்தால் ஓடாத வண்டியும் ஓடும். வாய்தான் ஓடாது. அதற்கு ஒரு பங்கு நான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், எதையும் பொறுமையாகத் துடைத்துப் பார்த்துத்தான் சொல்வார். நான் சொல்வது பிடிக்காவிட்டால் தம்பி மறுத்துப் பேச மாட்டான். தலையைக் குனிந்து, ஷூ நுனியால் தரையில் எதையோ தேய்ப்பான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தேய்ப்பை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

டர்போ போடலாம் என்றான் அவன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அதிசயமாக ஐந்தாறு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினான்.

"சைலன்சர் வழியா வீணாப் போற புகைக்கு நல்ல வேகம் இருக்குக்கா. அதை வச்சு ஒரு சக்கரத்தைச் சுத்த வைக்கலாம். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காத்தை இழுத்து என்ஜினுக்குள்ள அழுத்தும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும், இழுவை கூடும். ஏசியும் போட்டுக்கலாம், மலையும் ஏறலாம்."

புதிய டர்போவெல்லாம் நம் கைக்கு எட்டாது, பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையில் பார்க்கலாம் என்றான். அதற்கு முன்னால் மூன்று நாள் ஒரு நோட்டில் கணக்குப் போட்டான். என் என்ஜின் ஆயிரத்து இருநூறு சிசி. எந்த வேகத்தில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும், எவ்வளவு புகையை வெளியே தள்ளும் என்று பக்கம் பக்கமாக எழுதினான். நான் அதைப் புரட்டிப் பார்த்து, கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அதற்குமேல் அந்த நோட்டுக்கு நான் கொடுத்த மரியாதை ஒன்றுமில்லை.

உடைத்து விற்கிற கடை என்றால் ஒரு மைதானம் நிறையக் கதவுகளும் சக்கரங்களும். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, அதை நாலு பக்கமும் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியில் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அந்த நன்றியிலோ என்னவோ, எங்களை உள்ளே கூட்டிப் போய் ஒரு சாக்கை விரித்து, இரண்டு டர்போக்களை எடுத்து வைத்தார்.

ஒன்று சின்னது, இரண்டு கைக்குள் அடங்கிவிடும். என் கார் அளவே இருக்கும் ஒரு பெட்ரோல் காரில் இருந்ததாம். பின்னால் இடிபட்டு நொறுங்கிய கார், முன்பக்கம் பழுதில்லை. இன்னொன்று பெரியது, தூக்கினால் தோள் இறங்கும். சரக்கு வேனின் டீசல் என்ஜினில் ஓடியது. இடத்தைக் காலி பண்ண வேண்டியிருப்பதால் இரண்டுக்கும் ஒரே விலை என்றார் கடைக்காரர்.

தம்பி சின்னதை எடுத்தான். நடுத்தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான், முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தான். பிறகு சக்கரத்தில் வாய் வைத்து லேசாக ஊதினான். அது சுற்றியது. அவன் ஊதி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்து பெரியதை எடுத்து அதேபோல ஊதினான். கன்னம் உப்பி, கண் பிதுங்க ஊதியும் அது கால் சுற்று திரும்பி நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். துருவாக இருக்கும், ஓடினால் சரியாகிவிடும் என்றேன்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா எதை வாங்கினாலும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவாள். ஷூவின் நுனியில் பேப்பரைத் திணித்துக்கொண்டுதான் நானும் தம்பியும் பள்ளிக்கூடம் முழுக்கப் படித்து முடித்தோம். ஒரே விலைக்குச் சின்னதை வாங்குகிறவன் எங்கள் வீட்டில் ஏமாளி. அந்தப் புத்தி என் ரத்தத்தில் ஊறியது. ஒரே விலைக்கு இரண்டு பொருள் இருந்தால் என் கை தானாகவே பெரியதன் மேல் போய் உட்கார்ந்துவிடும்.

"பெரிசையே எடுத்துக்கலாம்" என்றேன்.

"அக்கா, அது வந்து நம்ம என்ஜினுக்கு..."

"ஒரே விலைடா. மலை ஏறப்போறோம், மொட்டை மாடிக்கா போறோம்?"

தம்பி தலையைக் குனிந்தான். ஷூ நுனி தரையைத் தேய்த்தது. கடைக்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். பெரிய டர்போவை நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்து டிக்கியில் வைத்தேன். தம்பி உள்ளே ஏதோ பேசிவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து வந்தான். ஒரு ரசீதுக்கு இவ்வளவு நேரமா என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினான்.

இரண்டு வாரம் வேலை நடந்தது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் இடத்துக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு கனமான இரும்புத் தகடு வேண்டுமாம். எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அவனே வெட்டி, துளைபோட்டு, போல்ட் முறுக்க மரை போட்டான். எண்ணெய் போக ஒரு குழாய், எண்ணெய் திரும்ப ஒரு குழாய், காற்றுக்கு ரப்பர் குழாய். நான் தினமும் போய் நின்று, வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது என்று அவனுக்கு நினைவூட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மதியம் சோதனை ஓட்டம். காரின் பின்சீட்டை முன்பே கழற்றிவிட்டுப் பலகை அடித்திருந்தோம். பலகையில் ஒரு பயிற்சி கேக், உண்மையான கிரீமோடு. அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சம்மணம் போட்டு என் வீட்டுக்காரர். முன்னால் என் பக்கத்தில் தம்பி. ஏசி முழு வேகத்தில்.

முதல் வளைவில் கார் முன்பைவிட மோசமாக முனகியது. இரண்டாவது வளைவில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார், போகும்போது திரும்பி ஒரு பரிதாபப் பார்வை வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாவது வளைவுதான் இந்த மலையிலேயே செங்குத்தானது. இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தேன். என்ஜின் கதறியது. எங்கோ உள்ளிருந்து ஒரு விசில் சத்தம் கிளம்பியது. அது ஏறிக்கொண்டே போய், திடீரென்று யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி கார் பாய்ந்தது.

கார் முன்னால் போனது. கேக் பின்னால் போனது. நான் பிரேக்கை மிதித்தேன். இப்போது கேக் முன்னால் வந்தது, வரும் வழியில் என் வீட்டுக்காரரின் முகத்தைச் சந்தித்தது.

காரை ஓரம் கட்டினோம். இவர் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் வழித்து, நிதானமாக ருசி பார்த்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. கீழே ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கியதிலிருந்து தம்பியை வாய்க்கு வந்தபடி பேசினேன். இரண்டு வாரம் என்னடா கிழித்தாய் என்றேன். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் நடுவில் இருக்கிறது என்றேன். என் பிழைப்பே இதில் இருக்கிறது, தெரியுமா தெரியாதா என்றேன். அவன் வண்டி ஆறுவதற்குக் காத்திருந்தான். பிறகு பானெட்டைத் திறந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்ற ஆரம்பித்தான்.

பெரிய டர்போ கையோடு வந்தது. அதன் பின்னால் அந்த இரும்புத் தகடு தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, திட்டுவதற்கு அடுத்த வாக்கியம் கிடைக்காமல்தான் அங்கே கண் போனது. பெரிய டர்போவைப் பிடித்திருந்தது நாலு போல்ட். அந்த நாலு ஓட்டை தகட்டில் இருந்தன. அவற்றுக்கு உள்பக்கமாக, நெருக்கி, இன்னும் நாலு ஓட்டை இருந்தன. அவற்றிலும் சுத்தமாக மரை போட்டு, தூசி போகாமல் குட்டி போல்ட்களை வைத்து மூடியிருந்தான்.

"இது எதுக்குடா?" என்றேன்.

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அது சின்னதுக்கு."

"எப்ப போட்டே?"

"தகடு வெட்டின அன்னிக்கே."

உள்ளே போய், அலமாரிக்கு அடியிலிருந்து பழைய சட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தான். பிரித்துக் காட்டினான். அந்தச் சின்ன டர்போ. அன்றைக்கு ரசீது வாங்கப் போனவன் இதற்கும் சேர்த்தே பேசிவைத்துவிட்டு, மறுநாள் தனியாகப் போய் எடுத்து வந்திருக்கிறான். இதற்கான குழாய்களையும் வளைத்துத் தயாராக வைத்திருந்தான். எது வேண்டாமோ அதைப் பிறகு திருப்பிக் கொடு, உன் அக்காவைப் பார்த்தாலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஊரே புரிந்து வைத்திருந்த விஷயத்தில் எனக்கு மட்டும் தகவல் வரவில்லை.

"தெரிஞ்சே ஏன்டா அதை மாட்டினே? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. நீ முடிக்க விடல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அதுக்கு மேல சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பாய்ந்திருப்பேன். அவன் மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வார்த்தையை நான் அடிக்கடி பயன்படுத்துகிறவள் இல்லை, அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். வெட்கமாக இருந்தது.

என் சமையலறை மூலையில் ஒரு மாவு கலக்கும் மெஷின் நிற்கிறது. இருபது லிட்டர். பத்து லிட்டர் மெஷினும் தள்ளுபடியில் அதே விலைக்கு இருந்தது, நான் எதை வாங்கியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ கேக்குக்கு மாவு போட்டால் அது அடியில் படிந்து கிடக்கும், கம்பி அதற்கு மேலே காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷமாக நான் கையால்தான் அடிக்கிறேன். மெஷின் மேல் துண்டு காயப்போடுகிறேன். இதை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில், ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து, தம்பியிடம் ஒத்துக்கொண்டேன்.

"அதேதான்க்கா" என்றான் அவன், முகம் மலர்ந்து. "நம்ம என்ஜின் விடற புகை அந்தப் பெரிய சக்கரத்துக்குப் போதாது. வேகம் ரொம்ப ஏறினப்பறம்தான் அது சுத்தவே ஆரம்பிக்கும். சுத்த ஆரம்பிச்சா ஒரேயடியாத் தள்ளும். சின்னது அடிவேகத்துலயே சுத்திடும். மெதுவா, ஒரே சீரா தள்ளும். கேக்குக்கு அதுதான் வேணும்."

நோட்டைக் கொண்டு வா என்றேன். கொண்டு வந்தான். இந்தத் தடவை கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. புரியவில்லை என்பதையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவன் சின்னதை மாட்டினான். நான் கேக் செய்தேன். அன்று ஒரு தடவைகூட ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர்தான் இரண்டு தடவை என்னை வாசலிலிருந்து திருப்பி அழைத்து வந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். மூன்று அடுக்கு, வெள்ளைக் கிரீம், மேலே மஞ்சள் ரோஜாக்கள். இவர் பின்னால் உட்கார்ந்து கேக்கைப் பிடித்துக்கொண்டார். பாதுகாப்புக்கு ஒரு பழைய கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் வளைவு போனதே தெரியவில்லை. இரண்டாவது வளைவில் அதே சைக்கிள்காரரைத் தாண்டினோம். நான் கையசைக்கலாம் என்று இருந்தேன், ஸ்டியரிங்கை விட மனமில்லை. மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அது நத்தை மாதிரி ஊர்ந்தது. மணி பத்து நாற்பது. என் கால் தானாகவே ஆக்சிலேட்டர் மேல் அழுந்தத் தொடங்கியது. கை கியரை இறக்கப் போனது. இப்போது மிதித்தால் தாண்டிவிடலாம் என்று என் ரத்தம் முழுக்கச் சொன்னது.

"வேண்டாம்க்கா" என்றான் தம்பி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் தரையைப் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்துச் சொன்னான்.

"இரண்டாவதுலயே இருக்கட்டும். காலை அப்படியே வச்சுக்கோ. அதுவே இழுக்கும்."

காலை அப்படியே வைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்துக்கொண்டேன். லாரி வளைவில் ஏறியது, நாங்கள் அதன் பின்னாலேயே ஏறினோம். முன்பெல்லாம் இந்த வேகத்தில் இந்த இடத்தில் வண்டி அணைந்துபோகும். இன்று பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சீழ்க்கை மட்டும் கேட்டது. ஏசியின் குளிர் முகத்தில் அடித்தது. கார் ஒரு குலுக்கல் இல்லாமல் மேலே போனது. வளைவு முடிந்ததும் லாரிக்காரரே கையைக் காட்டி வழி விட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது, அதை ஏசி மேல் பழி போட்டேன்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஹோட்டல் வாசலில் நின்றோம். மேலாளர் அம்மாள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கேக்கைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு ரோஜாவின் ஓரத்தை நகத்தால் தொட்டார். அது அசையவில்லை. உள்ளே கூட்டிப் போய் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தலையில் வலை கட்டும் வேலை அந்த நிமிஷத்தோடு என்னை விட்டுப் போனது.

கிளம்பும்போது அவர் இன்னொன்று சொன்னார். மேலே பெரிய மண்டபம் ஒன்று திறக்கப் போகிறார்களாம். அங்கே ஐந்து அடுக்கு கேக் வைத்தால் எடுப்பாக இருக்கும், உங்களால் கொண்டு வர முடியுமா என்று கேட்டார்.

ஐந்து அடுக்கு. என் வாய் திறந்துவிட்டது. கொண்டு வருகிறேன் என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது பக்கத்தில், பளபளக்கும் அந்தத் தரையில், ஒரு ஷூ நுனி மெதுவாகத் தேய்ப்பது கேட்டது.

வாயை மூடினேன். தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லு" என்றேன்.

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான், நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று. பிறகு மேலாளர் அம்மாளிடம் சொன்னான்.

"மூணு அடுக்கு போதும் மேடம். அதுக்கு மேல எங்க கார்ல நிக்காது. வேணும்னா ரெண்டு கேக்கா கொண்டு வர்றோம்."

நான் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் முடிக்கும் வரை காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, எதற்கென்று சொல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார்.